மிஸ் பேட்ஸ் பேசும்போது பக்கத்தைத் தள்ளாதீர்கள்

பழைய ஆங்கில நாவல்களில் ஓரமாக வந்துபோகும் முதிர்கன்னிகளையும் வயதான அத்தைகளையும் சிரிக்க வைப்பதற்கென்றே வந்தவர்களாக எடுத்துக்கொள்கிறோம். அதனால் செய்யும் முதல் தவறு, அவர்கள் வாயைத் திறந்ததும் நாலு வரி தாண்டிப் படிப்பது.

ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வில் (1815) வரும் மிஸ் பேட்ஸ் ஓயாமல் பேசுவாள். அலுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். ஊர் மருத்துவர் பெர்ரி சொந்த வண்டி வாங்கப்போவதாக ஊருக்கு வந்திருக்கும் இளைஞன் ஃபிராங்க் சர்ச்சில் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். யார் சொன்னார்கள் என்று கேட்டால் கனவு கண்டிருப்பேன் என்று மழுப்புகிறான். உடனே மிஸ் பேட்ஸ், அது உண்மைதான், ஆனால் ரகசியம், எங்கள் வீட்டுக்கும் கோல் குடும்பத்துக்கும் மட்டும்தான் தெரியும் என்று அளக்க ஆரம்பிக்கிறாள். அவள் வீட்டில் இருப்பவள் அவளுடைய தங்கை மகள் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ். அப்படியானால் ஃபிராங்குக்குக் கடிதம் எழுதுவது யார்? நாவலின் பெரிய ரகசியமே அங்கே கிடக்கிறது. குடும்ப நண்பர் நைட்லிக்குச் சந்தேகம் தட்டுகிறது, நாயகி எம்மாவுக்குத் தட்டவில்லை. பக்கத்தைத் தள்ளிய வாசகருக்கும் தட்டாது.

அடுத்தது, பணக்கணக்கைப் பார்க்காமல் படிப்பது. எம்மாவும் கல்யாணம் வேண்டாம் என்கிறாள். ஆனால் அவள் பெயரில் 30,000 பவுண்ட் இருக்கிறது, யாரும் சிரிக்க மாட்டார்கள். மிஸ் பேட்ஸோ காலமான பாதிரியாரின் மகள், தாயோடு மாடி அறைகளில் குடியிருப்பவள். பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணத்தில் எம்மா அவளைக் குத்திப் பேசியதற்கு நைட்லி கண்டிக்கும்போது அழுத்திச் சொல்வது அவளுடைய வறுமையைத்தான். அதுவரை எம்மாவோடு சேர்ந்து நாமும் சிரித்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் ஆஸ்டினின் குறும்பு. எலிசபெத் காஸ்கெல்லின் ‘கிரான்ஃபோர்ட்’டிலும் (1853) மிஸ் மேட்டி பணம் போட்ட வங்கி திவாலாகிறது. அந்த நிலையிலும் அந்த வங்கியின் நோட்டை வைத்துத் தவிக்கும் விவசாயிக்குத் தன் கையிலிருந்து ஐந்து தங்கக் காசு கொடுக்கிறாள். அப்புறம் தேயிலை விற்றுப் பிழைக்கிறாள்.

இவர்களுடைய வயதை நாமாகவே கூட்டி நினைத்துக்கொள்வதும் உண்டு. ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரஜுடிஸ்’ நாவலில் வரும் சார்லட் லூகாஸுக்கு 27 வயதுதான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அக்கா கன்னியாகவே போய்விடுவாளோ என்ற கவலை தம்பிகளுக்குத் தீர்கிறது.

டிக்கன்ஸிடம் வரும்போது வேறு மாதிரி சறுக்குகிறோம். ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் கல்யாணத்தன்று கைவிடப்பட்ட மிஸ் ஹாவிஷம் என்றதும் ஒன்பதாக இருபது நிமிடத்தில் நிறுத்திய கடிகாரமும் கல்யாண உடையும் நினைவில் நிற்கும். பின்னால் அவள் நாயகன் பிப்பின் முன் மண்டியிட்டு அழுவதும், அவன் நண்பன் ஹெர்பர்ட்டுக்காக 900 பவுண்ட் கொடுப்பதும் நிற்பதில்லை. பயங்கரக் கிழவி என்று ஒரு படத்தை மாட்டிவிட்டால் பாதி ஆள்தான் தெரிவாள்.

‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ பெட்ஸி ட்ராட்வுட் விஷயத்தில் நம் கவனக்குறைவுக்கு மன்னிப்பே கிடையாது. கழுதைகளைத் துரத்தும் இந்தக் கறார் பாட்டியைப் பலரும் முதிர்கன்னிப் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். அவள் கல்யாணமானவள். கணவன் அடித்தான் என்று ஊரில் பேச்சு; பணம் கொடுத்து அவனை விலக்கிவிட்டு, பிறந்த வீட்டுப் பெயரை மறுபடி வைத்துக்கொண்டாள். அவன் இந்தியாவுக்குப் போய் அங்கே யானைமேல் சவாரி செய்ததாகக் குடும்பத்தில் ஒரு கதை உலவுகிறது. இதெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. பின்னால் அவன் வந்து பணம் கேட்கும்போது, இவளுக்குக் கணவனா என்று திடுக்கிட்டால், தப்பு டிக்கன்ஸ் பேரில் இல்லை.