பி550 போர்டு வாங்கினேன், பயாஸ் படுத்தியது

வீட்டு கம்ப்யூட்டரில் ஏஎம்டி-யின் ரைசன் 3 2200ஜி ப்ராசஸர் இருந்தது. அதை ரைசன் 5 5600ஜி-க்கு மாற்ற நினைத்தேன். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் வெறும் 5600 எனக்கு ஆகாது, அதில் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது.

ப்ராசஸரை மாட்டும் சாக்கெட்டில் புதிய வகையான ஏஎம்5 பக்கம் போனால் டிடிஆர்5 ராமும் வாங்கியாக வேண்டும். நல்ல டிடிஆர்4 கையில் இருக்க எதற்கு வீண் செலவு? என் பழைய ஏ320 மதர்போர்டு ஏற்கும் ப்ராசஸர்களின் பட்டியலில் 5600ஜி இல்லை. சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது, கம்ப்யூட்டரைத் துவக்கி வைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருளான பயாஸும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சரி, 5600ஜி-யை ஏற்கும் பி550 போர்டு வாங்கலாம் என்று முடிவு செய்தேன். கடைக்காரர் விலை குறைந்த ஒன்றைக் காட்டினார். பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் (கம்ப்யூட்டர் ஓடாவிட்டாலும் பென்டிரைவ் வழியாக பயாஸை அப்டேட் செய்ய உதவுவது) உள்ளதுதான் வேண்டும் என்றேன். பி550 வந்தது 2020-ல், 5600ஜி கடைக்கு வந்தது 2021-ல். பழைய ஸ்டாக் என்றால் பயாஸும் பழசுதான், அதற்கு 5600ஜி-யைத் தெரியாது. பழைய சிப்பை மாட்டி அப்டேட் செய்யலாம் என்றால், பி550-ன் ஆதரவுப் பட்டியலில் 2200ஜி கிடையாது!

நினைத்தபடியே ஆனது. ஃபேன் சுற்றியது, திரை கறுப்பு. பென்டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்து, பயாஸ் ஃபைலை அன்ஜிப் செய்து, கையேட்டில் சொன்ன பெயரை வைத்தேன். பின்பக்கம் அதற்கென்று குறித்த யுஎஸ்பி போர்ட்டில் செருகி பட்டனை அழுத்திப் பிடித்ததும் விளக்கு மினுக்கியது. அது நிற்கும்வரை பவரைத் தொடக்கூடாது. அப்புறம் ஆன் செய்தால் படம் வந்துவிட்டது.

ராம் மட்டும் 2133 வேகத்திலேயே ஓடியது. பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) ஆன் செய்ததும் 3200 காட்டியது. உள் கிராபிக்ஸுக்கு இந்த வேகம் ரொம்ப முக்கியம்.