குதிரைக்கு உலர்புல்லும் தீவனமும் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

நம் ஊரில் புதிதாகக் குதிரை வளர்க்கத் தொடங்கும் பலர், பக்கத்துத் தொழுவத்தில் மாட்டுக்குப் போடுவதையே குதிரைக்கும் போட்டுவிடுகிறார்கள். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் சில நச்சுகளைச் சிதைத்துவிடும். குதிரைக்கு இருப்பதோ ஒற்றை இரைப்பை. ஒவ்வாததைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. ஆகவே வாயில் போகும்முன் பார்ப்பது நம் பொறுப்பு.

புல்கட்டு வெயில் பட்டு வெளிப்புறம் வெளுத்திருப்பது குற்றமில்லை. ஒரு கட்டினையாவது அவிழ்த்து, நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள். வெதுவெதுப்போ பிசுபிசுப்போ தட்டுப்பட்டால் அந்தச் சரக்கே வேண்டாம். ஈரப்பதம் 15 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நன்கு காய்ந்த புல் தண்டை மடித்தால் சட்டென்று முறியும். ஒரு பிடியை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே உதறும்போது சாம்பல் நிறத்தில் புகைபோல் எழுந்தால், அல்லது மக்கிய வாடை வந்தால், அது பூஞ்சணம். நுரையீரலைக் கெடுத்து இழுப்பு நோயை உண்டாக்கும். நீரில் நனைத்தால் சாதாரணத் தூசுதான் அடங்கும், பூஞ்சணம் பிடித்த புல் நல்ல புல்லாகாது.

புல்லின் வகையும் முக்கியம். கால்நடை வளர்ப்போர் விரும்பும் கம்பு நேப்பியர் புல்லிலும் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் என்ற உப்பு மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் அதையே தின்னும் குதிரை தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை இழந்து, முக எலும்பு வீங்கி, நொண்டத் தொடங்கும். பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டையும் அள்ளிப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். காய்ந்த அருகம்புல்லை அடிப்படையாக வைத்து, சுண்ணாம்புச் சத்து நிறைந்த குதிரை மசால் என்ற தீவனப் பயிரை அளவோடு கலப்பதையே நான் பரிந்துரைப்பேன். இந்த மசாலுக்கு நம் உழவர்கள் குதிரையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சவுண்டல் (சூபாபுல்) மரத்தின் தழை பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்த்துவிடும். சோளப் பயிரை மேயவிட்டால் சிறுநீர்ப்பை கெடலாம். நெல் வைக்கோலில் சத்துக் குறைவு, அதை முதன்மை உணவாக்கக் கூடாது.

தானியத்தில் கொள்ளு நம்பகமானது. வண்டு துளைக்காததாக வாங்கி, வேகவைத்துக் கொடுங்கள். மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் வளரும் பூஞ்சண நச்சு வேகவைத்தாலும் போகாது. மக்காச்சோளப் பூஞ்சணங்களில் ஒன்றின் நச்சு குதிரையின் மூளையையே சிதைக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக அஞ்ச வேண்டியது கோழித் தீவனம். அதில் சேர்க்கப்படும் மோனென்சின் கோழிக்கு மருந்து, குதிரைக்கோ சிறு அளவிலேயே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மாட்டுத் தீவனத்திலும் அது இருக்கக்கூடும் என்பதால் மூட்டையில் உள்ள சேர்க்கைப் பட்டியலைப் படியுங்கள். கோழித் தீவனம் அள்ளிய முறத்தால் குதிரைக்கு அள்ளாதீர்கள்.

300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ உலர்புல் தேவை. தானியம் அதற்குத் துணைதான். புதிய சரக்குக்கு மாறும்போது பழையதுடன் கலந்து 7 முதல் 10 நாட்களில் படிப்படியாக மாற்றுங்கள். கட்டுகளைத் தரையில் அடுக்காமல் மரச்சட்டங்களின் மேல் வையுங்கள். குதிரை தின்ன மறுத்தாலோ வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் காலால் தரையைப் பிறாண்டினாலோ தீவனத்தை உடனே நிறுத்திவிட்டு, அதில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துவைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.