பரிமாற்ற மாணவரை வரவேற்கும் ரோட்டரி சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகம் முழுக்கச் சங்கங்கள் கொண்ட சேவை அமைப்பான ரோட்டரியின் நிர்வாக ஆண்டு ஜூலை 1-ல் பிறக்கிறது. ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வரும் பரிமாற்ற மாணவர்கள் பெரும்பாலும் அதே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் வந்து இறங்குகிறார்கள். புதுத் தலைவரும் செயலரும் பதவியேற்பு விழா மும்முரத்தில் இருப்பார்கள். மாணவரை ஏற்பதாக ஒப்புக்கொண்டது போன ஆண்டு நிர்வாகம். புது நிர்வாகத்துக்கு அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பல குழப்பங்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஆகவே இந்த மாணவர் பரிமாற்றத்தை (யூத் எக்ஸ்சேஞ்ச்) கவனிக்கும் பொறுப்பாளரை மட்டுமாவது ஆண்டுக்கு ஆண்டு மாற்றாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர விடுங்கள்.

1927-ல் பிரான்சின் நீஸ் நகரச் சங்கம் தொடங்கி வைத்த வழக்கம் இது. 15 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரு கல்வியாண்டு முழுக்க வேறு நாட்டில் தங்கி, அங்குள்ள பள்ளிக்குப் போய், அந்த வீட்டுப் பிள்ளையாக வாழ்கிறார்கள். இந்தக் கடைசி வார்த்தையை நம் ஊர்ச் சங்கங்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. பிரேசிலிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்த பெண்ணைப் பட்டுப்புடவை உடுத்தி மேடையில் உட்காரவைப்பது, சால்வை போர்த்துவது, பக்கத்து ஊர்ச் சங்கங்களின் கூட்டங்களுக்கும் அழைத்துப் போவது என்று முதல் மாதம் போய்விடுகிறது. பள்ளியில் தோழிகள் கிடைக்க வேண்டிய மாதம் அது. மாதத்துக்கு ஒரு மேடை போதும் என்று சங்கமே முடிவு செய்துவிடலாம்.

வீட்டிலும் இதே கதைதான். நாம் விருந்தோம்பலில் குறை வைக்காதவர்கள். தட்டைக் கழுவ விடமாட்டோம், கடைக்கு அனுப்பமாட்டோம், காப்பி கையில் வந்துவிடும். இரண்டு வாரம் இது இனிக்கும். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு வேலையும் இல்லை, பேச்சும் இல்லை. அறைக்குள் போனோடு உட்கார்ந்துவிடும். பூப்பறிக்க, துணி மடிக்க, சட்னி அரைக்க, தம்பியைக் கூட்டிவர என்று வேலை கொடுங்கள். ஆங்கிலத்திலேயே பேசி முடித்துவிடுவதும் தவறுதான். ஆங்கிலம் தெரிந்த அப்பாவைவிடத் தமிழ் மட்டுமே பேசும் பாட்டியிடம்தான் பிள்ளைகள் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

முதல் நாளிலேயே வெளிப்படையாகப் பேசாமல் விடுவதுதான் மாணவரைத் தங்கவைக்கும் ஹோஸ்ட் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு. வந்து இறங்கிய அன்றே கேட்டுவிட ரோட்டரியில் 'முதல் நாள் இரவுக் கேள்விகள்' என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள்; பல நாடுகளில் மாணவரும் குடும்பமும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதில் சொல்கிறார்கள். உங்களை எப்படிக் கூப்பிடுவது, துணியை யார் துவைப்பது, குளிக்க எந்த நேரம், மாலை எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், இணையத்தை எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்ற மாதிரிக் கேள்விகள். நம் வீடுகளுக்கு இன்னும் சில சேர்க்க வேண்டும்: ஹீட்டர் சுவிட்சை எப்போது அணைப்பது, செருப்பை எங்கே விடுவது, பூஜை அறைக்குள் யார் போகலாம், கழிவறையில் காகிதம் போடலாமா, மாதவிலக்கு நாள்களில் அந்த வீட்டு வழக்கம் என்ன. கடைசிக் கேள்வியைக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டு, ஒருநாள் சமையலறை வாசலில் பிள்ளையைத் தடுத்து நிறுத்தினால் அந்தக் காயம் ஆறுவது கடினம். வீட்டம்மா தனியாக உட்கார்ந்து முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பள்ளியில் சேர்க்கும்போது 12-ஆம் வகுப்பைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு, நீட், டியூஷன் என்று மூச்சுவிட நேரமில்லை. அவர்களும் புதியவருக்கு நேரம் கொடுக்க முடியாது. 11-ஆம் வகுப்புதான் பொருத்தம்.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். இதில் சங்கங்கள் காட்டும் தாராளம் எனக்குக் கவலை தருகிறது. 'நம்ம டாக்டர் வீடுதானே, விசாரணை எதற்கு?' என்று கேட்பார்கள். அந்த வீட்டில் குடியிருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும், மேல்மாடியில் தங்கியிருக்கும் சித்தப்பா உட்பட, பின்னணிச் சரிபார்ப்பு நடக்க வேண்டும் என்பது ரோட்டரியின் விதி. மாணவர் வருவதற்கு முன்பும் வந்த பிறகும், சொல்லிவிட்டும் சொல்லாமலும் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மாணவருக்குத் தனிக் கட்டில் வேண்டும். இது யாரையும் சந்தேகப்படுவது ஆகாது. தன் பிள்ளையை முகம் தெரியாதவர்களை நம்பி அனுப்பிய ஒரு தாய்க்கு நாம் தர வேண்டிய உறுதி அது.

மாணவருக்கு ஆலோசகராகச் சங்கம் போடும் கவுன்சிலர் நியமனத்திலும் இதே அலட்சியம் இருக்கிறது. ஹோஸ்ட் அப்பாவையே கவுன்சிலராகப் போடுவார்கள், அல்லது பள்ளித் தாளாளர் ரோட்டரி உறுப்பினர் என்றால் அவரைப் போடுவார்கள். இரண்டுமே கூடாது. வீட்டில் பிரச்சினை என்றால் மாணவி யாரிடம் போய்ச் சொல்வாள்? கவுன்சிலர் அந்த வீட்டுக்கும் பள்ளிக்கும் வெளியே இருப்பவராக இருக்க வேண்டும். அவர் போக, சங்கத்தோடும் ஹோஸ்ட் வீடுகளோடும் தொடர்பில்லாத சிலரின் எண்களும், ஆண் பெண் இருபாலரும் உள்ளபடி, மாணவர் கையில் இருக்க வேண்டும்.

யாராவது பாலியல் தொல்லை கொடுத்ததாக மாணவர் புகார் சொன்னால் 'சங்கத்துக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம்' என்று மூத்தவர்கள் நாலு பேர் கூடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. முதலில் மாணவரை அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்திப் பாதுகாப்பாக வையுங்கள். அடுத்து காவல்துறைக்குச் சொல்லுங்கள். 72 மணி நேரத்துக்குள் ரோட்டரி இன்டர்நேஷனலுக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரிப்பது நம் வேலை இல்லை. மாணவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே குற்றம்.

தாள் வேலைகளையும் தள்ளிப்போடாதீர்கள். வெளிநாட்டவர் வீட்டில் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். 'சி' படிவம் என்று பலரும் சொல்வது இதைத்தான். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டியிருக்கும். இருசக்கர வாகனச் சாவியைக் கொடுக்கவே கூடாது. 'பக்கத்துத் தெருதானே' என்பது நம் ஊர்ப் பழக்கம், ஆனால் பரிமாற்ற மாணவர் எந்த மோட்டார் வாகனத்தையும் ஓட்டக் கூடாது என்பதில் ரோட்டரி கறாராக இருக்கிறது.

சேவைத் திட்டங்களில் மாணவருக்கு உண்மையான வேலை கொடுங்கள். கண் சிகிச்சை முகாமில் பரிசுப்பொருள் வழங்கும் புகைப்படத்துக்கு நிற்கவைப்பதைவிட, டோக்கன் கொடுக்கவும் முதியவர்களைக் கைபிடித்து வரிசைக்கு அழைத்துப் போகவும் சொல்லலாம். ரத்த தானத்துக்கு இங்கே 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையை ஆர்வத்தில் படுக்கவைத்துவிடாதீர்கள், பழச்சாறு மேசையை ஒப்படையுங்கள். போலியோ சொட்டு மருந்து நாளில் குழந்தைகளின் சுண்டுவிரலில் மை வைக்கும் வேலை அருமையானது. 1985-லிருந்து ரோட்டரி போலியோவுக்கு எதிராக வேலை செய்து வருவதையும், இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹௌரா பக்கம் கண்டறியப்பட்டதையும், 2014-ல் நாம் போலியோ இல்லாத நாடென்று சான்று பெற்றதையும் அந்த மேசையிலேயே சொல்லலாம்.

ஓராண்டு தங்கும் மாணவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வேண்டும். முதல் குடும்பம் மட்டும் தயாராக இருக்க, இரண்டாவதை டிசம்பரில் தேடி அலைவது வழக்கமாகிவிட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டு நினைப்பு பொங்கி வரும். அந்த வாரத்தில் பெட்டியைக் கட்டச் சொல்லாதீர்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து, பொங்கலுக்குப் பிறகு மாற்றுவது நல்லது. மாறும்போது முதல் குடும்பம் ஒவ்வாமை, மருந்து, பள்ளி நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் போதும். 'இவள் கொஞ்சம் பிடிவாதம்' என்பதையெல்லாம் சொல்லி அனுப்ப வேண்டாம்; அடுத்த வீட்டார் தாங்களாகப் பழகித் தெரிந்துகொள்ளட்டும்.