பெயர் தெரியாத ஆர்ச்டாப் கிட்டாரை இணைய ஏலத்தில் எடுப்பது எப்படி?

"பழைய கிட்டார். பிராண்டு தெரியவில்லை. உள்ளது உள்ளபடியே." தொண்டு அமைப்புகள் நடத்தும் இணைய ஏலங்களில் ஆர்ச்டாப் கிட்டார்கள் பெரும்பாலும் இந்த அளவு விவரத்தோடுதான் வரும். கூடவே ஐந்தாறு படங்கள், அதில் இரண்டு பெட்டியுடையவை. விவரம் எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. காலையில் தையல் இயந்திரம், மதியம் பீங்கான் தட்டு, நடுவில் ஒரு கிட்டார் என்று நன்கொடையாக வந்ததையெல்லாம் பதிவேற்றுபவர் அவர். அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்தால் நல்ல கருவி மலிவாகக் கிடைக்கும். நமக்கும் தெரியாவிட்டால் சுவரில் மாட்ட ஒரு பொருள் கிடைக்கும். என்னிடம் இரண்டும் இருக்கின்றன.

புதிதாக இறங்குபவர்கள் செய்யும் முதல் தவறு, பெயரைத் தேடிக்கொண்டு உட்கார்வது. இதே மாதிரி கிட்டார் எங்கோ பெரிய விலைக்குப் போனதாகப் படித்துவிட்டு, இதுவும் அதுவாக இருக்கும் என்று நம்பிக் கேட்பார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். கடைசி வரை பெயரே தெரியாமல் போனாலும் வாசிக்கலாம் என்ற நிலையில் கருவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் அப்புறம்.

படி 1: அது ஆர்ச்டாப்தானா?

ஆர்ச்டாப்பின் மேல்பலகை வயலினைப் போல நடுவில் மேடாக வளைந்திருக்கும். இரு பக்கமும் எஃப் வடிவத் துளைகள். கம்பிகள் பிரிட்ஜின் மேல் ஏறி, கிட்டாரின் அடிமுனையில் திருகப்பட்ட உலோக டெயில்பீஸில் போய் முடியும். பிரிட்ஜ் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்காது, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும்.

இந்த வகையின் தொடக்கம் ஆர்வில் கிப்சன். 1890களில் மிச்சிகனின் கலமசூ நகரில் மேல்பலகையைச் செதுக்கி மாண்டலின்களும் கிட்டார்களும் செய்தவர். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1922இல் எஃப் துளைகளோடு எல்-5 மாடலைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதில் அங்கே வேலை பார்த்த ஒலிப் பொறியாளர் லாய்டு லோருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் பெரிய இசைக்குழுவுக்கு நடுவே கேட்கும்படியான கிட்டார் தேவைப்பட்டது. அதனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம் என்று எல்லாரும் ஆர்ச்டாப் செய்தார்கள். இன்று பரணிலிருந்து இறங்கி ஏலத்துக்கு வருபவை பெரும்பாலும் அந்தக் காலத்து மலிவு மாடல்கள்தான்.

ஒரு எச்சரிக்கை: டெயில்பீஸ் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தட்டையான மேல்பலகை கொண்ட மலிவுக் கிட்டார்களிலும் அது உண்டு. வட்டத் துளை உள்ள ஆர்ச்டாப்களும் உண்டு. பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

படி 2: எஃப் துளையின் விளிம்பைப் பாருங்கள்

வளைந்த மேல்பலகையை மூன்று விதமாகச் செய்வார்கள். கனமான ஸ்ப்ரூஸ் மரத்தைச் செதுக்கலாம், ஒற்றைப் பலகையைச் சூடேற்றி அழுத்தி வளைக்கலாம், அல்லது மெல்லிய தகடுகளை ஒட்டிய ப்ளைவுட்டை அச்சில் அழுத்தலாம். விலையும் ஒலியும் இதைப் பொறுத்து மாறும். எஃப் துளையின் வெட்டு விளிம்பை நெருக்கத்தில் பார்த்தால், ப்ளைவுட்டில் சாண்ட்விச் போல அடுக்குகள் தெரியும். ஒற்றை மரத்தில் மேலே தெரியும் நார்க்கோடுகள் விளிம்பு வழியாக அப்படியே கீழே இறங்கும். செதுக்கியதா, அழுத்தியதா என்று படத்தில் சொல்வது கடினம். தெரியவில்லை என்றால் அழுத்தியது என்றே வைத்துக்கொண்டு விலை போடுங்கள். நான் ஒருமுறை ஆசையில் செதுக்கியது என்று எடுத்துக்கொண்டேன். சுவரில் தொங்குவது அதுதான்.

பின்பலகையில் புலிக்கோடு போன்ற மேப்பிள் ரேகையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். அந்த ரேகையைப் பெயின்டாலேயே வரைந்த கிட்டார்கள் சிகாகோ தொழிற்சாலைகளிலிருந்து ஏராளமாக வந்திருக்கின்றன.

படி 3: நெக்கின் கோணம்

இந்தப் பதிவில் ஒரு படியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பழைய ஆர்ச்டாப்களில் நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, உடலோடு டவ்டெயில் என்ற மரப்பூட்டில் பசை போட்டு இணைத்திருப்பார்கள். கம்பிகள் பல ஆண்டுகளாக இழுத்ததில் நெக் மெல்ல முன்பக்கம் சாய்ந்துவிடும். அப்போது கம்பிகள் ஃபிங்கர்போர்டிலிருந்து (நெக்கின் மேல் விரல் அழுத்தும் பலகை) மேலே எழும்பி நிற்கும், அழுத்தி வாசிக்க விரல் வலிக்கும். இதைச் சரி செய்ய ஆவி காட்டிப் பசையை இளக்கி, நெக்கைக் கழற்றி, கோணத்தைச் செதுக்கி மீண்டும் ஒட்ட வேண்டும். நெக் ரீசெட் என்பது இதைத்தான். தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. மலிவான கிட்டாருக்கு, கிட்டாரின் விலையை விட இந்தக் கூலி அதிகமாகிவிடும்.

படத்திலேயே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆர்ச்டாப்பின் பிரிட்ஜ் பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் இரு சிறிய திருகு சக்கரங்கள், உயரத்தைக் கூட்டிக் குறைக்க. பக்கவாட்டுப் படத்தில் மேல்துண்டு அடித்துண்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறதா? அப்படியிருந்தும் 12ஆவது ஃப்ரெட்டில் (ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பி எட்டாத உயரத்தில் நிற்கிறதா? முன்பு வைத்திருந்தவர் முடிந்த வரை இறக்கிப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். விட்டுவிடுங்கள். சக்கரங்களுக்குக் கீழே திருகு நன்றாகத் தெரிந்தால் இறக்க இடம் இருக்கிறது, நல்ல அறிகுறி. 12ஆவது ஃப்ரெட்டில் தடிமனான கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுமார் 2 மில்லிமீட்டர் இருந்தால் சுகமாக வாசிக்கலாம். 4 மில்லிமீட்டர் என்றால் சண்டைதான்.

நெக்கின் அடி உடலோடு சேரும் இடத்தில் கோடு போல இடைவெளி தெரிகிறதா என்றும் பாருங்கள். அங்கே ஒரு திருகு ஆணியின் தலை தெரிந்தால், யாரோ வீட்டிலேயே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

நெக் வில் போல வளைந்திருப்பது வேறு சங்கதி. ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலைப்பகுதி) சிறிய மூடி இருந்தால் அதற்கடியில் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி இருக்கக்கூடும், திருகிச் சரி செய்யலாம். கிப்சன் இதை 1920களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டது. மலிவு நிறுவனங்கள் பல காலம் வெறும் இரும்புப் பட்டையை உள்ளே வைத்து, "ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்" என்று ஹெட்ஸ்டாக்கில் பெருமையாக அச்சடித்தன. அதைத் திருக முடியாது.

படி 4: எது செலவு, எது செலவில்லை

மற்றவர்களைப் பயமுறுத்தும் குறைகள் பல, உண்மையில் சில்லறை விஷயங்கள். பிரிட்ஜ் காணவில்லை, கோணலாக நிற்கிறது, ட்யூனிங் கீயின் பொத்தான் உடைந்திருக்கிறது, பிக்கார்டு (மேல்பலகையைக் கீறலிலிருந்து காக்கும் தகடு) இல்லை, அழுக்கு. இதெல்லாம் விலையைக் குறைக்கும். உங்களுக்கு லாபம்.

பயப்பட வேண்டியவை வேறு: பிரிட்ஜுக்குக் கீழே மேல்பலகை குழிந்திருப்பது, ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டிய தடம், பக்கப் பலகை பிரிந்து வாய் திறந்திருப்பது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பழைய பிக்கார்டும் ஓரப்பட்டியும் பெரும்பாலும் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கால் ஆனவை. அது முதுமையில் மக்கி, அமில ஆவியை வெளியிடும். படத்தில் பிக்கார்டுக்குப் பக்கத்தில் உள்ள ஃப்ரெட்டுகளும் கம்பிகளும் மட்டும் பச்சையாகவோ துருவாகவோ இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். பிக்கார்டு மட்டும் என்றால் கழற்றிவிடலாம். ஓரப்பட்டி முழுக்க நொறுங்குகிறது என்றால் பெரிய வேலை.

படி 5: இப்போது பெயர்

ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் பெயர் பல நேரம் செய்தவரின் பெயரே அல்ல. சில்வர்டோன் என்பது சியர்ஸ் அங்காடியின் விற்பனைப் பெயர். அந்தக் கிட்டார்களை ஹார்மனி, கே போன்ற சிகாகோ நிறுவனங்கள் செய்து கொடுத்தன. கலமசூ என்று எழுதியிருந்தால் 1930களில் கிப்சனே மலிவு விலைக்குச் செய்ததாக இருக்கலாம். எழுத்தே இல்லை என்றால் எஃப் துளைக்குள் விளக்கடித்து உள்பக்கம் ஒரு படம் கேளுங்கள். ஹார்மனியில் உள்ளே மையில் குத்திய எண்ணில் எச் என்ற ஆங்கில எழுத்தும் மாடல் எண்ணும் சேர்ந்து வரும். சிலவற்றில் எஃப் அல்லது எஸ் எழுத்தோடு இரண்டு இலக்க ஆண்டும் இருக்கும். எஃப்-58 என்றால் 1958. ஜெர்மனியின் ஃப்ராமஸ் கிட்டார்களில் தொடர் எண்ணோடு சேர்ந்த இரண்டு இலக்கங்கள் ஆண்டைச் சொல்லும், பின்னால் வரும் எழுத்து மாதத்தை.

உதிரிப் பாகங்களை வைத்து ஆண்டு சொல்வதில் கவனம் வேண்டும். ட்யூனிங் கீயும் டெயில்பீஸும் எத்தனை முறை மாறினவோ. அதே சமயம், எஃப் துளைக்குப் பக்கத்தில் தொங்கும் பழைய டிஆர்மண்ட் பிக்கப் (கம்பியின் ஒலியை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பாகம்) ஒன்று கண்ணில் பட்டால் பேசாமல் இருங்கள். கிட்டாரை விட அதற்கு மதிப்பு அதிகமாக இருக்கலாம்.

படி 6: கேள்வி கேட்பது

"நல்லா இருக்குமா?" என்று கேட்டால் "எங்களுக்குத் தெரியாது" என்றுதான் பதில் வரும். கிட்டார் தெரியாதவரும் செய்யக்கூடியதைக் கேளுங்கள்: பக்கவாட்டில் பிரிட்ஜ் தெரியும்படி ஒரு படம், எஃப் துளைக்குள் ஒரு படம், ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம், உடலின் அகன்ற பகுதியின் அளவு. 16, 17, 18 அங்குலம் என்ற அளவுகள் மாடலைக் கண்டுபிடிக்க உதவும். ஏலம் முடிய இரண்டு நாளாவது இருக்கும்போது கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் தெரியாத ஒவ்வொன்றும் மோசம் என்றே கணக்கிடுங்கள்.

படி 7: தொகை

விதிகளை முழுக்கப் படியுங்கள். திருப்பி எடுப்பார்களா, கையாளும் கட்டணம் தனியா, அனுப்பும் செலவு எவ்வளவு. பெட்டியோடு சேர்ந்த ஆர்ச்டாப் பருமனானது, அனுப்பும் செலவு சில நேரம் ஏலத்தொகையையே தாண்டும். வாசிக்கும் நிலையில் இருக்கும் பெயரில்லாத ஆர்ச்டாப்புக்கு நீங்கள் என்ன கொடுப்பீர்களோ, அதிலிருந்து இந்தச் செலவுகளையும் பழுதுபார்க்கும் கூலியையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் உச்சத்தொகை. பல தளங்களில் அதை ஒரே முறை பதிந்துவிட்டால், போட்டிக்கு ஏற்ப அமைப்பே சிறிது சிறிதாகக் கூட்டும். பதிந்துவிட்டுத் தூங்கப் போங்கள். கடைசி நிமிடத்தில் திரைமுன் உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது.

வேறு நாட்டிலிருந்து வாங்குவதை முதல் முறையே செய்ய வேண்டாம். பழைய கிட்டார்களில் வரக்கூடிய பிரேசில் ரோஸ்வுட் மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்த முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு வந்தது, இதற்கு வரவில்லை. பழைய ஃபிங்கர்போர்டு எந்த மரம் என்று தெரியாத கிட்டாரை வைத்துக்கொண்டு சுங்கத்தில் வாதாட முடியாது.

படி 8: பணம் கட்டியதும், பெட்டி வந்ததும்

நேரில் போய் எடுக்க முடிந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் கட்டும்போதே எழுதுங்கள்: கம்பிகளைத் தளர்த்தவும், பிரிட்ஜைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக வைக்கவும், டெயில்பீஸுக்குக் கீழே துணி வைக்கவும், ஹெட்ஸ்டாக்குக்குப் பின்னால் அணை கொடுக்கவும்.

குளிரில் பயணம் செய்து வந்த பெட்டியை உடனே திறக்காதீர்கள். சட்டென்று வெப்பம் மாறினால் பழைய லாக்கர் பூச்சில் வலை போல விரிசல் விழும். ஒரு நாள் அறைக்குள் மூடியபடியே இருக்கட்டும். திறந்ததும் முதலில் மோந்து பாருங்கள். புளிப்பான, கற்பூரம் கலந்தது போன்ற நெடி அடித்தால் செல்லுலாய்டு மக்கத் தொடங்கியிருக்கலாம். பிக்கார்டைக் கழற்றி, வேறு கருவிகளிடமிருந்தும் நெருப்பிடமிருந்தும் தள்ளி வையுங்கள்.

அப்புறம் உடலைச் சுற்றி விரல் மூட்டால் மெல்லத் தட்டுங்கள். எங்காவது கரகரவென்று அதிர்ந்தால் உள்ளே ஏதோ பசை விட்டிருக்கிறது, ஒட்டிய பிறகுதான் கம்பி.

பிரிட்ஜை வைக்க அளவுநாடா போதும். நட்டிலிருந்து (ஹெட்ஸ்டாக் பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு பட்டை) 12ஆவது ஃப்ரெட் வரை எவ்வளவோ, அங்கிருந்து பிரிட்ஜ் வரையும் அவ்வளவு. தடிமனான கம்பிப் பக்கம் சற்றே கூடுதல். மெல்லிய கம்பித் தொகுதி போடுங்கள், 11இல் (மிக மெல்லிய கம்பி 0.011 அங்குலம்) தொடங்குவது பாதுகாப்பு. சுருதி கூட்டியபின் 12ஆவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள், அதே இடத்தில் விரலை லேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கோடு ஒப்பிடுங்கள். அழுத்திய சுருதி கூடினால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கம் நகர்த்துங்கள், குறைந்தால் நெக் பக்கம். இடம் அமைந்ததும் பிரிட்ஜின் இரு ஓரத்திலும் சிறு துண்டு பெயின்டர் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். மொத்தமாகக் கழற்றினால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும்.