வெல்டிங் பழகுகிறவர் எந்த ஹெல்மெட் வாங்கலாம்?

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் கைப்பிடி ஷீல்டோடுதான் நான் பழகினேன். ஷீல்டை முகத்துக்குக் கொண்டுபோனதும் ஒரே இருட்டு. ராடை ஜாயிண்டில் வைப்பதாக நினைத்துப் பக்கத்துத் தகட்டில் ஓட்டை போடுவேன். "ஏன்டா, கண்ணத் தொறந்துதான் வெக்கறயா?" என்பார் மேஸ்திரி. திறந்துதான் இருந்தது, எதுவும் தெரியவில்லை!

அதனால் பழகுகிறவர்கள் தானாகக் கருக்கும் ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட்டையே வாங்குங்கள். ஆர்க், அதாவது ராடு நுனியில் மின்பொறி, பிடிக்கும்வரை ஷேடு (கண்ணாடியின் கருமை அளவு) 3 அல்லது 4தான், வேலை நன்றாகத் தெரியும். பிடித்த மறுகணமே கருத்துவிடும். ஷேடை 9 முதல் 13 வரை திருகி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். 2.5 மி.மீ. ராடை 80 ஆம்பியரில் ஓட்ட எனக்கு 10 போதும். அதற்கு மேல் ஏற்றினால் உருகின இரும்புக் குட்டை கண்ணில் படாது, வெளிச்சம் மட்டும்தான்.

ஆர்க் வெளிச்சத்தைக் கண்டு கண்ணாடியைக் கருக்க வைக்கும் சென்சார் நான்கு இருக்கட்டும். சேஸிஸுக்கு அடியில் படுத்துப் பற்றவைக்கும்போது இரண்டே சென்சார் உள்ள ஹெல்மெட்டில், சட்டம் ஏதாவது குறுக்கே வந்து இரண்டையும் மறைத்துவிட்டால், கண்ணாடி வெளுத்துக் கண்ணில் பளீரென்று அடிக்கும்.

கண்ணாடியின் பார்வைத் தரத்தை நான்கு எண்களாகப் போட்டிருப்பார்கள், 1தான் சிறந்தது. பெட்டியில் 1/1/1/1 என்று இருந்தால் கண்ணாடி தெளிவானது. எல்லாம் பச்சையாகத் தெரிவதைவிட 'ட்ரூ கலர்' வகை மேல். உருகிய இரும்பையும் கசடையும் பிரித்துப் பார்க்கலாம்.

நாற்பதைத் தாண்டியவரா? உள்ளே உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்ட இடம் உண்டா என்று கேளுங்கள். அப்புறம், கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மாட்டும் பிளாஸ்டிக் நாலைந்து சேர்த்து வாங்கிவிடுங்கள். பொறி தெறித்துச் சீக்கிரம் மங்கிவிடும்.