டர்போ வண்டியில் ஸ்டால் டெஸ்ட்: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

போன வாரம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு டீசல் எஸ்யூவியிலிருந்து இறங்கி வந்து, "கன்வர்ட்டர் போயிருச்சுங்ண்ணா. ஸ்டால் 2400 வரணும், 1700 தாண்ட மாட்டேங்குது" என்றான். குரலில் அத்தனை உறுதி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை இதே உறுதியோடு நான் சொன்னேன். அந்தச் செலவு இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

கன்வர்ட்டர் என்றால் டார்க் கன்வர்ட்டர்; ஆட்டோமேட்டிக் வண்டியில் என்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது. ஸ்டால் டெஸ்ட் இதுதான்: பிரேக்கை அழுத்திப் பிடித்து, டி-யில் (டிரைவ்) போட்டு, ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கிறோம். கன்வர்ட்டருக்குள் என்ஜின் பக்கத்து இம்பெல்லர் சுற்றுகிறது, கியர்பாக்ஸ் பக்கத்து டர்பைன் அசையாமல் நிற்கிறது. என்ஜின் மேலே ஏற முடியாமல் ஓர் இடத்தில் நிற்குமே, அந்த ஆர்பிஎம்தான் ஸ்டால் ஸ்பீடு. சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, ஆயில் சூடாகும்வரை பொறுப்பது, முன்னால் ஆள் நிற்காமல் பார்ப்பது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். விட்டுவிடுகிறேன். கீழே தலைப்பு ஒவ்வொன்றும் நாம் செய்யும் ஒரு தவறு.

ஸ்டால் குறைவு என்றதும் கன்வர்ட்டர்மேல் பழி போடுவது

சர்வீஸ் மேனுவல் சொல்வது இதுதான்: டி, ஆர் (ரிவர்ஸ்) இரண்டிலும் ஸ்டால் குறைந்தால் என்ஜின் பவர் குறைவாக இருக்கலாம், அல்லது ஸ்டேட்டரின் (இம்பெல்லருக்கும் டர்பைனுக்கும் நடுவில் ஆயிலைத் திருப்பிவிடும் சக்கரம்) ஒன்வே கிளட்ச், அதாவது அதை ஒரு பக்கம் மட்டும் சுற்றவிடும் பூட்டு, வழுக்கலாம். 600 ஆர்பிஎம்முக்கு மேல் குறைந்தால் கன்வர்ட்டரைச் சந்தேகி என்றும் சில மேனுவல்களில் இருக்கும். நம்மாட்கள் அந்த 600-ஐ மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். 'என்ஜின் பவர்' என்று முதலில் எழுதியிருப்பது கண்ணில் படுவதேயில்லை.

டர்போ வண்டியில் அந்த 600 ஒரு பொறி. ஸ்டால் ஸ்பீடு கன்வர்ட்டரில் பதித்து வைத்த எண் கிடையாது. என்ஜின் தரும் டார்க்கின் (முறுக்கு விசையின்) வர்க்கமூலத்தை ஒட்டி அது ஏறி இறங்கும். 400 நியூட்டன் மீட்டர் தரும் என்ஜின், பூஸ்ட் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்று) வராமல் 200-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். டார்க் பாதியானால் ஸ்டால் சுமார் 0.7 மடங்கு. 2400 இருந்த இடத்தில் 1700. முழுசாக 700 குறைவு. கன்வர்ட்டரில் ஒரு கீறல்கூட இல்லாமலே மேனுவல் எல்லையைத் தாண்டியாயிற்று.

அன்று எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஃபோர் வீல் டிரைவ் வண்டி. புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ், எல்லாவற்றையும் கழற்றி கியர்பாக்ஸை இறக்கவே ஒன்றரை நாள். வேறு கன்வர்ட்டர் வாங்கி மாட்டி, புது ஏடிஎஃப் (கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றி, திரும்ப ஏற்றி, ஓனரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே மிதித்தேன். 1700.

அப்போது வேறு வண்டிக்கு ஹெட்லைட் வயரிங் பார்க்க வந்த எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவர் பானட்டுக்குள் கையை விட்டு, டர்போ காற்றைக் கொண்டுபோகும் இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவினார். விரல் முழுக்கக் கறுப்பு எண்ணெய். அடியில் நான்கு விரல் நீளத்துக்குக் கிழிசல். ஐடிலில் வாய் மூடியிருக்கும், பூஸ்ட் ஏறியதும் திறந்துகொள்ளும். மேலேயிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரி இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். கன்வர்ட்டர் காசு என் கையிலிருந்து போனது.

இரண்டையும் பிரித்தறிய ஸ்டால் டெஸ்ட்டே தேவையில்லை, பத்து நிமிடம் ஓட்டினால் போதும். ஸ்டேட்டர் ஒன்வே வழுக்கினால் நின்ற இடத்திலிருந்து கிளம்பத்தான் திணறும், வேகம் பிடித்தபின் ஒழுங்காக ஓடும். ஏனென்றால் அந்த வேகத்தில் ஸ்டேட்டர் எப்படியும் தானாகச் சுற்ற வேண்டியதுதான். பூஸ்ட் கசிந்தால் ஓவர்டேக் செய்யும்போதும் இழுவை இருக்காது. பழைய வண்டியானால் பின்னால் கரும்புகை தள்ளும். பிஎஸ்6-இல் புகையை டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) மறைத்துவிடும், புகை இல்லை என்பதை நம்பாதீர்கள்.

அப்படியும் டெஸ்ட் செய்தே ஆகவேண்டும் என்றால், ஸ்கேனரில் ஆர்பிஎம்மையும் மேனிஃபோல்ட் பிரஷரையும் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) ஒரே கிராஃபில் போடுங்கள். என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் கோவையில் 96, 97 கிலோபாஸ்கல் காட்டும், அது வெறும் காற்றழுத்தம். முழுதாக மிதித்தும் அந்த எண் பெரிதாக எழும்பவில்லை என்றால் கியர்பாக்ஸ் பக்கமே போக வேண்டாம்.

முள் முதலில் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்வது

டர்போ வண்டியில் ஆர்பிஎம் முள் இரண்டு தவணையாக ஏறும். பூஸ்ட் வரும் முன் ஓர் இடத்தில் தயங்கி, அப்புறம் மறுபடி எழும்பும். இரண்டாவதுதான் எண். மேனுவல் சொன்ன அளவையும் தாண்டி ஓடினால் உடனே காலை எடுங்கள், கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் வழுக்குகிறது.

'இன்னொரு தரம் பார்க்கலாம்'

400 நியூட்டன் மீட்டர், 2400 ஆர்பிஎம் என்றால் 100 கிலோவாட். வண்டி நகராததால் அத்தனையும் கன்வர்ட்டருக்குள் இருக்கும் சில லிட்டர் ஆயிலுக்குள்தான் சூடாக இறங்குகிறது. 2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஐம்பதை ஒரே பாத்திரத்துக்கு அடியில் வைத்த கதை. ஐந்து வினாடிக்கு மேல் மிதிக்கக் கூடாது என்பது இதனால்தான். ஸ்கேனரில் ஆயில் வெப்பம் ஏறவில்லையே என்று மூன்று முறை தொடர்ந்து மிதித்தவனைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேனர் காட்டுவது பெரும்பாலும் கீழே பான் பக்கத்து ஆயிலை. வெந்துகொண்டிருப்பது வேறு இடத்தில். முடிந்ததும் என்ஜினை அணைக்காமல், என்-னில் (நியூட்ரல்) போட்டு ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள், ஆயில் கூலருக்குப் போய் வரட்டும்.

ஏற்றத்தில் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது

இது ஓட்டுகிறவர்களுக்கு. மே மாதம் மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைப்பாதையில் டிராஃபிக் நிற்கும்போது, பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பார்கள். தெரியாமலே செய்யும் ஸ்டால் டெஸ்ட் அது. பூஸ்ட் இல்லாததால் சூடு குறைவுதான், ஆனால் ஐந்து வினாடியில் முடிவதில்லையே, அரைமணி நேரம் நடக்கும். பிரேக் எதற்கு இருக்கிறது?

ஊட்டியில் எடுத்த எண்ணைக் கோவை எண்ணோடு ஒப்பிடுவது

2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. ஒப்பிடாதீர்கள்.

டிசிடி, ஏஎம்டி வண்டியில் ஸ்டால் டெஸ்ட்

இவை ஆட்டோமேட்டிக்தான், ஆனால் கன்வர்ட்டருக்குப் பதில் கிளட்ச். அது கருகும்.

ஈசியூ குறுக்கே வருவதை மறப்பது

புது வண்டிகள் பலவற்றில் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் சேர்ந்து அழுந்தினால் ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தானே டார்க்கைக் குறைத்துவிடும். அப்போது பூஸ்டும் வராது, ஸ்டாலும் வராது, கோளாறும் இருக்காது. அந்த மாடலுக்கு இந்த டெஸ்ட் உண்டா என்று மேனுவலில் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

பையன் கொண்டுவந்த வண்டிக்கு மேனுவலில் டெஸ்ட் இருந்தது. கிராஃப் போட்டோம், பிரஷர் 110-ஐத் தாண்டவில்லை. இன்டர்கூலர் ஹோஸைத் தடவச் சொன்னேன், விரல் சுத்தமாக வந்தது. ஒரு மணி நேரம் தேடி அவனேதான் கண்டுபிடித்தான்: டர்போவின் ஆக்சுவேட்டருக்கு (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) போகும் வேக்யூம் ஹோஸ், பேட்டரிக்குப் பின்னால் எலி கடித்து இரண்டாக.