பல்வலிக்கு ஆன்டிபயாட்டிக் எழுதலாமா? ஆய்வைப் பார்த்து முடிவெடுக்கும் முறை

ராத்திரி பூராத் தூங்கவில்லை என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வருகிறார். குளிர்ச்சி பட்டால் கிளம்பும் வலி, குளிர்ச்சி போன பிறகும் அடங்கவில்லை. வீக்கமில்லை, காய்ச்சலில்லை. "அஞ்சு நாளைக்கு மாத்திரை குடுங்க டாக்டர், அப்புறமா வரேன்." நம் பேனா தானாகவே அமாக்ஸிசிலின் எழுதப் போகும். ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கைகளே, அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

முதல் படி, கேள்வி. 'பல்வலிக்கு மாத்திரை' என்று தேடினால் குப்பைதான் வரும். யாருக்கு, எதைக் கொடுத்தால், எதைவிட, என்ன பலன் என்று பிரித்துக் கேளுங்கள். இதைத்தான் பைக்கோ என்கிறார்கள். நம் கேள்வி: இர்ரிவர்சிபிள் பல்பைட்டிஸ் (பல்லுக்குள் இருக்கும் பற்கூழில் இனி ஆறாத அழற்சி) உள்ள பெரியவருக்கு, வலி மாத்திரையோடு ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்தால் வலி கூடுதலாகக் குறையுமா?

இரண்டாவது, தேடல். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் இலவசம். இந்தச் சொற்களைப் போட்டு, இடது ஓரத்து ஃபில்டரில் சிஸ்டமேட்டிக் ரிவ்யூவை (ஒரே கேள்விக்கான ஆய்வுகளையெல்லாம் முறையாகத் திரட்டி அலசும் கட்டுரை) டிக் செய்யுங்கள். இப்படி அலசுவதையே வேலையாகக் கொண்ட காக்ரேன் அமைப்பின் ரிவ்யூ ஒன்று கிடைக்கும்.

மூன்றாவது, எடைபோடுதல். அவசரக்காரர்கள் சறுக்கும் இடம் இது. அந்த ரிவ்யூவில் தேறியது ஒரே ஒரு ஆய்வு, அதில் 40 பேர். ஒரு குழுவுக்கு பென்சிலின் 500 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒன்றாக 7 நாள். மற்ற குழுவுக்குப் பார்வைக்கு அதே மாதிரி பொய் மாத்திரை. வலி மாத்திரை எல்லோருக்கும் உண்டு. வலியிலும் சரி, விழுங்கிய வலி மாத்திரைகளின் எண்ணிக்கையிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

வெறும் 40 பேர்தானே என்று தோன்றினால் சபாஷ். காக்ரேனும் நம்பகத்தன்மை குறைவு என்றே குறிக்கிறது. ஆனால் காரணமும் பொருந்துகிறது. கெட்டியான பல்லுக்குள் அடைபட்ட பற்கூழ் அழற்சியால் வலிக்கிறது. கிருமியைக் கொல்லும் மருந்து அந்த அழற்சியைத் தணிக்காது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும், எதிர்ப்புச் சக்தி குறையாத பெரியவர்களுக்கு இந்நிலையில் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்கிறது.

நான்காவது, எதிரே இருப்பவர். முகம் வீங்கி, காய்ச்சலோடு, வாய் திறக்க முடியாமல் வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அது வேறு கேள்வி. நம் ஆளுக்கு இன்றே பல்லைத் திறந்து 'நரம்பு' (அதாவது பற்கூழ்) எடுப்பதுதான் வைத்தியம், இல்லையென்றால் பிடுங்குவது. இன்று முடியாவிட்டால் ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால். அதற்கு முன் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, பெண்ணானால் கர்ப்பம், எல்லாம் கேட்டுவிடுங்கள்.

"மாத்திரை எழுதலையா?" என்பார். "இது வலி மாத்திரை. மத்தது உங்க பல்லுக்கு வேலை செய்யாதுங்க, வயித்தைத்தான் கலக்கும்." மறுநாள் போன் போட்டு வலி எப்படி என்று கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதி வையுங்கள்.